குரலுக்கு ஒரு தனிப் பெட்டி: வீட்டுக் கரோக்கிக்கு எந்தச் சிறிய ஸ்பீக்கர்?

வீட்டில் கரோக்கி பாடுகிற பலரிடம் ஒரே மாதிரியான குறையைக் கேட்டிருக்கிறேன். திரையில் வரிகள் ஓடுகின்றன, இசை அருமையாகக் கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் மூடிய டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கர் ஒலியே மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளை. குறைத்தால் குரல் இசைக்கு அடியில் போய்விடுகிறது. உடனே ஸ்பீக்கர் சரியில்லை என்று முடிவு கட்டி, இன்னும் பெரியதாக, இன்னும் அதிக வாட் எழுதிய பெட்டியைத் தேடுகிறார்கள். அதே ஸ்பீக்கரில் ஒரு தேர்ந்த பாடகரின் பதிவைப் போட்டால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறதே, அது எப்படி? ஸ்பீக்கர் தேர்வை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பதிவான குரல் ஸ்டுடியோவிலேயே சமப்படுத்தப்பட்டது. மெல்லப் பாடிய சொல்லும் ஓங்கிப் பாடிய சொல்லும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும்படி கம்ப்ரெஸரில் போட்டு அமுக்கி, ஸ்பீக்கருக்கு நோகாத வடிவில் கொடுத்திருப்பார்கள். நீங்கள் மைக்கைப் பிடிக்கும்போது அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. பல்லவியை முணுமுணுப்பாகத் தொடங்கி, சரணத்தின் உச்சியில் மூச்சைத் திரட்டி எடுக்கும்போது ஒலியளவு 20 டெசிபல் வரை எகிறக்கூடும். 20 டெசிபல் என்றால் மின்சக்தியில் 100 மடங்கு. அதுவரை 1 வாட்டில் சுகமாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி, அந்த ஒரு எடுப்புக்கு 100 வாட் கேட்கும். ஆம்ப்ளிஃபயரிடம் அவ்வளவு இருக்காது. எனவே அலையின் உச்சி வெட்டுப்பட்டு, குரல் கரகரக்கும். குரலுக்கு ஸ்பீக்கர் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது இந்தக் கையிருப்பு.

இரண்டாவது, குரல் வாழும் இடம். ஆண்குரலின் அடி சுமார் 80 ஹெர்ட்ஸ். பெண்குரலின் மேல்ஸ்தாயி 1000 ஹெர்ட்ஸைத் தொடும். ஆனால் என்ன சொல் என்று காதுக்குப் பிடிபடுவது பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். சகரத்தின் சீறல் அதற்கும் மேலே, 5000 முதல் 8000 வரை. ஆகவே குரலுக்கு, அடியொலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் எந்த வகையிலும் உதவாது. நடுப்பகுதியை அடைப்பில்லாமல் தரும் பெட்டிதான் உதவும். வீட்டுக்கென்று விற்கும் சிறிய ஸ்பீக்கர்களில் பல இதற்கு எதிர்த்திசையில் ட்யூன் செய்யப்பட்டவை: அடியில் கும்மென்று, மேலே பளபளப்பாக, நடுவில் ஒரு பள்ளம். பதிவான இசைக்கு அது இதமாக இருக்கும். நேரடிக் குரலோ அந்தப் பள்ளத்தில் விழுந்து மறைந்துவிடும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே தர வேண்டுமானால் ஸ்பீக்கர் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். 4 அங்குலக் கூம்பு ஒன்று டிரம்மின் அடிக்காக அப்படித் துள்ளிக்கொண்டிருக்கும்போது, அதே கூம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் குரலும் சேர்ந்து ஆடும். சொற்கள் குழைவதற்கு இது பெரிய காரணம்.

இவற்றையெல்லாம் வைத்துத்தான் என் முடிவைச் சொல்கிறேன். குறைந்த செலவில் நல்ல குரல் வேண்டுமென்றால், இசையையும் குரலையும் ஒரே ஸ்பீக்கரில் திணிக்காதீர்கள். இசை ஏற்கெனவே எதில் ஓடுகிறதோ, டிவியோ சவுண்ட்பாரோ பழைய ஸ்டீரியோவோ, அதிலேயே ஓடட்டும். புதிதாக வாங்குவதைக் குரலுக்கு மட்டும் வாங்குங்கள். குரலுக்கு ஸ்டீரியோ தேவையில்லை, ஒரே ஒரு பெட்டி போதும். ஜோடியாக இரண்டு சுமாரான ஸ்பீக்கர் வாங்கும் பணத்தில் உருப்படியான ஒன்று கிடைக்கும். குரலுக்கு ஒரு கண்ட்ரோல், இசைக்கு ஒரு கண்ட்ரோல் என்று பிரிந்துவிடுவதால் பாட்டுக்குப் பாட்டு அளவு மாற்றுவதும் எளிது. 'கரோக்கி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கே 'காலியான இசைக்குழு' என்று பொருள். இசை முழுதாக இருக்கிறது, பாடகரின் இடம் மட்டும் காலி. அந்த இடத்தில் கொண்டுபோய் ஒரு பெட்டியை வைக்கிறோம், அவ்வளவுதான்.

தாமதம் என்னும் முதல் வடிகட்டி

எந்தப் பெட்டியையும் ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்வியிலேயே பாதியைக் கழித்துவிடலாம்: மைக் அதில் நேராகச் செருகுமா? 'ப்ளூடூத்தில் இணைத்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் அந்தப் பெட்டி குரலுக்கு ஆகாது.

காரணம் எளிது. ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 3 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரல் உங்களை வந்தடைய 9 மில்லிநொடி ஆகும். அது உறுத்தாது. சாதாரண ப்ளூடூத் இணைப்பு 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதிக்கும். 200 மில்லிநொடி என்பது ஏறத்தாழ 70 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஸ்பீக்கரில் உங்கள் குரலைக் கேட்பதற்குச் சமம். பேசுகிறவருக்கு அவர் குரலையே தாமதித்துக் கேட்கச் செய்தால் நாக்குத் தடுமாறும் என்பது 1950களிலிருந்தே ஆராயப்பட்ட விஷயம். அந்தத் தடுமாற்றம் மிக அதிகமாக இருப்பதும் இந்த 200 மில்லிநொடியை ஒட்டித்தான். தாளத்தில் நன்றாக நிற்கிறவர்கள்கூட இப்படிப்பட்ட இணைப்பில் இழுத்து இழுத்துப் பாடுவதைப் பார்த்திருக்கிறேன். தங்களுக்குத் தாளஞானம் இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்வதுதான் எனக்கு வருத்தம்.

அதே ப்ளூடூத் இசைக்கு வந்தால் பாதகமில்லை. இசை கால் நொடி பிந்தி வந்தாலும் அறையில் எல்லோருக்கும் பிந்தித்தான் வருகிறது. காதில் விழும் இசைக்கு ஏற்பத்தான் நீங்கள் பாடுகிறீர்கள். திரையில் வரிகள் ஒரு நூல் முந்தலாம், அவ்வளவே. பல போன்கள் அதையும் சரிக்கட்டிவிடும். குரலுக்குத் தனிப் பெட்டி என்ற ஏற்பாட்டின் பெரிய லாபமே இங்கேதான். இசை எந்தச் சுற்றுவழியில் வேண்டுமானாலும் வரட்டும், குரல் கம்பி வழியே நேராகப் போய்விடும்.

கம்பியில்லா மைக் வேண்டுமென்றால் அதற்கென்றே ரிசீவரோடு வரும் யுஹெச்எஃப் என்ற ரேடியோ அலை வகையைப் பாருங்கள். அனலாக் யுஹெச்எஃப்பில் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் மைக்குகள் சில மில்லிநொடி எடுத்துக்கொள்ளும், அதுவும் பொறுத்துக்கொள்ளக்கூடியதே. வைஃபை நெரிசலான இடத்தில் மட்டும் அவை அவ்வப்போது அறுந்து போகலாம்.

வகைகளைப் பார்ப்போம்

சவுண்ட்பாரும் ஹோம் தியேட்டரும் பெரும்பாலும் இங்கேயே விலகிவிடும். அவற்றில் மைக் செருகும் இடம் அபூர்வம். டிவி வழியாகக் குரலை அனுப்பினால் டிவியும் பாரும் ஒலியைச் சீரமைக்க எடுக்கும் நேரம் தாமதமாகச் சேரும். இசைக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே இருக்கும். மைக்கோடு ஒட்டிய சிறு ஸ்பீக்கர் கொண்ட பொம்மை மைக்குகள் குழந்தைகள் விளையாட நல்லவை. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் ஸ்பீக்கர் இருக்கும் அமைப்பில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கணினியோடு வைக்கும் ஸ்பீக்கர்களும், ஆம்ப் உள்ளேயே வைத்த புக்ஷெல்ஃப் ஜோடிகளும் அடுத்தவை. எடிஃபையர் ஆர்1280டி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: 4 அங்குல வூஃபர் (அடியொலி தரும் கூம்பு), இரண்டும் சேர்ந்து 42 வாட், இரண்டு ஜோடி ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளைச் செருகி) உள்ளீடு, பக்கவாட்டில் பேஸ், ட்ரெபிள் திருகுகள். இசைக்கு அதன் தகுதிக்கு மேலாகவே பாடும் பெட்டி அது. ஆனால் மைக் உள்ளீடு கிடையாது. மைக்கை எப்படியாவது ஒரு மாற்றியைப் போட்டு ஆக்ஸ் (போன், டிவி இசைக்கான) துளையில் செருகிப் பார்ப்பவர்கள் உண்டு, ஈனமான சத்தம்தான் வரும். மைக்கிலிருந்து வருவது ஓரிரு மில்லிவோல்ட். ஆக்ஸ் எதிர்பார்ப்பது அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இடையில், மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் மைக் ப்ரீஆம்ப் உள்ள ஒரு சிறு மிக்சர் கட்டாயம். எக்கோ, ரிவெர்ப் (பெரிய கூடத்தில் பாடுவதுபோன்ற எதிரொலிப்பு) உள்ள மிக்சராக எடுத்தால் இந்த ஜோடியைக் கரோக்கிக்குக் கொண்டுவரலாம். யமஹா எம்ஜி06எக்ஸ் போன்ற கையளவு மிக்சரே போதும்.

ஆனாலும் எனக்கு இந்த வழியில் ஒரு பயம் உண்டு. புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் மேலொலி தரும் ட்வீட்டர் மிக மெல்லிய கம்பிச்சுருளில் ஓடுவது. சாதாரண இசையில் அதன் பங்குக்கு வருவது சொற்ப வாட்தான், அதற்குத் தக்கபடிதான் செய்திருப்பார்கள். மைக் ஊளையிடும்போது ஒரே ஒரு சுரம் முழுச் சத்தத்தில் நொடிக்கணக்காக நின்றுவிடும். அது பெரும்பாலும் ட்வீட்டரின் எல்லைக்குள்தான் விழும். என்னிடம் இருந்த ஒரு ஜோடியில் இடது ட்வீட்டர் அப்படித்தான் போனது. யாரோ மைக்கை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள், நான் ஓடிவந்து அணைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஏற்கெனவே நல்ல புக்ஷெல்ஃப் ஜோடி வைத்திருப்பவர்கள் அதில் குரலை ஏற்றாமல் இருப்பதே அந்தப் பெட்டிகளுக்குச் செய்யும் மரியாதை.

ஸ்டுடியோவில் பதிவைச் சரிபார்க்க வைக்கும் ஸ்பீக்கர்களான ஸ்டுடியோ மானிட்டர்கள் இன்னொரு ஆசை. ப்ரீசோனஸ் ஈரிஸ் ஈ3.5 மாதிரி 3.5 அங்குலப் பெட்டிகள் குரலை உள்ளபடி காட்டும், நடுப்பகுதியில் பள்ளம் இருக்காது. ஆனால் ஒரு பக்கத்துக்கு 25 வாட். மேசையில் ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்க வடிவமைத்தவை. தனியாக, அளவாகப் பாடிப் பழகுகிறவருக்கு இவை மிக நல்ல தேர்வு, என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே உண்மையான ஒலி இவற்றுடையதுதான். நான்கைந்து பேர் சேர்ந்து கைதட்டிப் பாடும் அறையில் மூச்சு வாங்கிவிடும்.

பார்ட்டி ஸ்பீக்கர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பலர் கடைசியில் வாங்குவது இதைத்தான். பேட்டரி, விளக்கு, ப்ளூடூத், மைக் துளை எல்லாம் ஒரே பெட்டியில். ஜேபிஎல் பார்ட்டிபாக்ஸ் 110ஐ எடுத்துக்கொண்டால் 160 வாட், இரண்டு 5.25 அங்குல வூஃபர், மைக்குக்கு ஒன்று கிட்டாருக்கு ஒன்று என உள்ளீடுகள், 12 மணிநேரம் வரை பேட்டரி. ஒரே பெட்டிதான் வாங்க முடியும், இசையும் அதிலேதான் ஓட வேண்டும், அங்கே இங்கே தூக்கிப் போக வேண்டும் என்றால் இந்த வகையை நான் தடுக்க மாட்டேன். மைக் நேராகச் செருகுவதால் தாமதச் சிக்கலும் இல்லை.

குறை எங்கே என்றால், இவற்றின் மனம் பேஸில் இருக்கிறது. சிறிய வூஃபரிலிருந்து பெரிய அடியை வரவழைக்க உள்ளே மின்னணு வித்தைகள் நடக்கின்றன. சத்தம் எல்லையைத் தொடும்போது ஒரு லிமிட்டர் வந்து பிடித்துக்கொள்ளும். அது குரலென்றும் டிரம்மென்றும் பிரித்துப் பார்க்காத பெட்டிகளில், ஒவ்வொரு அடிக்கும் குரல் ஒரு கணம் அமுங்கி எழும். இடையிசையில் ஒன்றும் தெரியாது. சரணத்தில் நீங்கள் ஓங்கும் அதே இடத்தில் டிரம்மும் ஓங்கும்போது குரல் பின்வாங்குவது தெளிவாகக் கேட்கும். இதற்கு மருந்து இருக்கிறது: பேஸ் பூஸ்ட் பொத்தானை அணையுங்கள், இசையைப் பாதி அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். இன்னும் நல்லது, பார்ட்டி ஸ்பீக்கரில் மைக்கை மட்டும் செருகிவிட்டு இசையை டிவியிலேயே விடுவது. அப்போது அதே பெட்டி வேறு பெட்டி மாதிரி பாடும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் புதிதாக ஒன்றும் வாங்காமல் இன்றைக்கே முயன்று பார்க்கலாம்.

இன்னொன்றையும் வாங்கும்போதே பாருங்கள். எக்கோ திருகினால் அது மைக்குக்கு மட்டும் விழுகிறதா, இசைக்கும் சேர்த்து விழுகிறதா? சேர்த்து விழுந்தால் அந்த வசதி இருந்தும் இல்லாததுதான்.

என் வாக்கு யாருக்கு

மேடையில் பாடகரின் முன்னால் அவர் குரலை அவருக்கே கேட்கச் செய்ய ஒரு சிறிய பெட்டி வைப்பார்கள், மானிட்டர் என்று பெயர். அதில் ஒரு வகை மைக் ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. பெஹ்ரிங்கர் பி205டி, மேக்கி எஸ்ஆர்எம்150 இரண்டும் அந்த வகை: 5.25 அங்குல ஸ்பீக்கர், 150 வாட் ஆம்ப், மூன்று சேனல் மிக்சர், எல்லாம் ஒரே கைப்பிடிப் பெட்டிக்குள். இதை வீட்டுக் கரோக்கிக்கு யாரும் சட்டென்று நினைப்பதில்லை. எனக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு தெரியவில்லை.

வீட்டில் பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கரைத்தான் கேட்கிறார்கள். மேடையில் மானிட்டர் தனி, மக்களுக்கான பெட்டி தனி. வீட்டில் இரண்டு வேலையும் ஒரே பெட்டி செய்ய வேண்டும். அப்படியிருக்க, பாடகருக்குக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு பிறந்த பெட்டியைவிட எது பொருந்தும்? பேஸ் குறைவு, ஆமாம். இசையை இதில் மட்டும் போட்டால் மெலிந்துதான் கேட்கும். குரலுக்கு மட்டும் வைக்கும்போது அந்தக் குறை நிறையாகிவிடுகிறது, மைக்கைக் கையில் மாற்றும்போது எழும் தடதட சத்தமும் பகரம் வெடிக்கும் காற்றும் அடியிலேயே வடிந்துவிடும். ஆணின் கீழ்ஸ்தாயி குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அடிச்சுரம் கொஞ்சம் மெலிந்தாலும் அதன் மேலடுக்குகளை வைத்தே காது அதை நிரப்பிக்கொள்ளும்.

இவற்றில் எல்லா மாடலிலும் ரிவெர்ப் இருக்காது. வெறும் குரல் சிறிய அறையில் வறண்டு கேட்கும், கூச்சமுள்ளவர்கள் பாடவே தயங்குவார்கள். கொஞ்சம் ரிவெர்ப் அவர்களுக்குத் தைரியம் தரும். அதற்காகச் சிறு எஃபெக்ட் மிக்சர் ஒன்றை முன்னால் சேர்த்தால் இந்த ஏற்பாடு முழுமை பெறும்.

இதற்கு அடுத்த படி 8 அங்குல வூஃபரும் ஹார்ன் (புனல் வடிவ) ட்வீட்டரும் உள்ள சிறிய பிஏ ஸ்பீக்கர், அதாவது கூட்டத்துக்குக் கேட்கச் செய்யும் மேடைப் பெட்டி. அறை பெரிது, பத்துப் பேருக்கு மேல் கூடுவார்கள், சில நாள் இசையும் இதிலேயே ஓட வேண்டும் என்றால் இதுவே சரி. சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்குத் தரும் சத்தம்) அதிகம், ஹார்ன் ஊளையைத் தாங்கும், கையிருப்பு தாராளம். இடம் அடைக்கும், அழகாகவும் இருக்காது. சில மாடல்களில் உள்ளே விசிறி ஓடும் இரைச்சல் மெல்லிய பாட்டில் கேட்கும். வாங்குமுன் அமைதியான மூலையில் காதை வைத்துக் கேட்டுவிடுங்கள். 10, 12 அங்குலம் வீட்டுக்கு வேண்டாம்.

பட்ஜெட்டைச் சற்று மீற முடிந்தவர்களுக்கு போஸ் எஸ்1 ப்ரோ போன்றவை இருக்கின்றன: 7 கிலோ எடை, பேட்டரி, மூன்று சேனல், அவற்றில் இரண்டில் மைக்குக்கான ரிவெர்ப். நிமிர்த்தி வைத்தாலும் சாய்த்து வைத்தாலும் அதற்கேற்ப ஒலியை மாற்றிக்கொள்ளும். வசதி நிறைய. ஆனால் வீட்டுக்குள் குரலுக்கு மட்டும் என்றால் அந்தக் கூடுதல் பணத்தில் பாதியை நல்ல மைக்குக்குக் கொடுப்பேன். 1966இல் வெளிவந்து இன்றும் மேடைகளில் நிற்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் ஒன்று, மட்டமான மைக்கும் உயர்ந்த ஸ்பீக்கரும் சேர்ந்து தருவதைவிட அதிகம் தரும்.

அக்கூஸ்டிக் கிட்டார் ஆம்ப் வீட்டில் இருந்தால் அதில் மைக் உள்ளீடு இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பலவற்றில் இருக்கும், ரிவெர்ப்பும் கூடவே வரும். குரலுக்கு அவை நன்றாகவே உழைக்கும். எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் வேண்டவே வேண்டாம், அது மேல்பகுதியை வெட்டிவிடும். குரல் போர்வை போர்த்திக்கொண்டு வரும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்கள்

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குச் சிறிதாகத்தான் தெரியும் வேறுபாடு அது. காதுக்கு இரு மடங்கு சத்தம் என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது 10 மடங்கு வாட். அதே 10 டெசிபலை சென்சிடிவிட்டி இலவசமாகத் தரும். 1 வாட்டில் 1 மீட்டரில் 85 டெசிபல் தரும் பெட்டிக்கு 100 வாட் கொடுத்தால் கிடைக்கும் சத்தத்தை, 95 டெசிபல் பெட்டி 10 வாட்டில் தந்துவிடும். மேடைக்கென்று செய்த சிறிய பெட்டிகள் முந்துவது இதனால்தான். 'பீக்' என்றும் 'பிஎம்பிஓ' என்றும் ஒரு கணத்து உச்சத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை ஒதுக்கிவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய சக்தியை 'ஆர்எம்எஸ்' என்று சின்ன எழுத்தில் சொல்வதைப் படியுங்கள். அதிகபட்ச ஒலியளவு 1 மீட்டரில் 105 முதல் 110 டெசிபல் என்று இருந்தால் வீட்டுக்கு ஏராளம். அவ்வளவு சத்தத்தில் கேட்பதற்காகச் சொல்லவில்லை. சராசரியை 85க்குக் கீழே வைத்துக்கொண்டு, உச்சிகள் வெட்டுப்படாமல் போவதற்குத்தான் மீதி. 85 டெசிபலில் 8 மணிநேரம் இருந்தால் காதுக்குப் போதும் போதும் என்றாகும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நினைவில் வையுங்கள்.

வாங்குமுன் பாடிப் பார்க்கும்போது

உங்கள் மைக்கை நீங்களே கொண்டுபோங்கள். இசையில்லாமல், எக்கோ பூஜ்யத்தில் வைத்து, முதலில் பேசுங்கள். 'வலி, வளி, வழி' என்று மூன்றையும் இயல்பான வேகத்தில் சொல்லி, எதிரில் நிற்பவரை எது எதுவென்று சொல்லச் சொல்லுங்கள். லகர ளகர ழகரங்கள் தனித்தனியாகக் கேட்டால் நடுப்பகுதி சரியாக இருக்கிறது. ழகரம் மங்கி மூன்றும் ஒன்றுபோல் கேட்டால், பள்ளம் அங்கேதான். பிறகு வல்லின எழுத்துகள் அடுக்கி வரும் ஒரு வரியை ஓங்கிப் பாடுங்கள். பகரமும் டகரமும் வெடிக்கும் இடத்தில் பெட்டி கரகரத்தால் கையிருப்பு போதாது. சகரம் காதைக் கீறினால் ட்ரெபிளைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போங்கள். மெல்லப் பாடும்போது குரல் முன்னால் வந்து நிற்கிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். ஓங்கிப் பாடும்போது குரலை முன்னால் கொண்டுவர எல்லா ஸ்பீக்கராலும் ஓரளவு முடியும். மென்மையான வரியில்தான் நல்லதும் சுமாரானதும் பிரியும்.

பழைய பெட்டி வாங்கினால், திருகுகளைத் திருப்பும்போது கரகரப்பு இருக்கிறதா, மைக் இல்லாமலே முனகுகிறதா, ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மேடையில் உழைத்த பெட்டிகளின் கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

வைக்கும் இடம்

நல்ல பெட்டியையும் தவறான இடம் கெடுத்துவிடும். பாடகர்கள் பயன்படுத்தும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்ட் வகை, முன்னால் வருவதைக் கேட்கும், முதுகுப்பக்கம் செவிடு. எனவே ஸ்பீக்கர் மைக்கின் முதுகுக்கு எதிரே இருக்க வேண்டும். பாடுகிறவர் திரையைப் பார்த்து நின்றால், குரல் பெட்டியைத் திரையின் அருகே அவரை நோக்கி வைப்பதே சரி. பாடுகிறவருக்குப் பின்னால் வைத்தால் அது மைக்கின் வாய்க்கு நேராகப் பாடும், ஊளை நிச்சயம். சூப்பர்கார்டியாய்ட் என்று எழுதிய மைக்காக இருந்தால் அதற்கு முதுகிலும் கொஞ்சம் காது உண்டு, பெட்டியைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளுங்கள். உயரம் காது மட்டத்தில். தரையில் வைத்தால் சொற்கள் முழங்காலோடு நின்றுவிடும், மூலையில் வைத்தால் அடியொலி பெருகிக் குரல் கும்மிப்போகும்.

மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடிப் பதிவாகும், அந்த அளவுக்குச் சத்தத் திருகைக் குறைத்துவிடலாம். வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்கும் பழக்கம் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அப்படி மூடினால் மைக்கின் முதுகுச் செவிட்டுத்தன்மை போய், எல்லாத் திசையும் கேட்கத் தொடங்கிவிடும். இரண்டு மைக் திறந்திருந்தால் ஊளைக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் சுருங்கும். பாடாதவர் தன் மைக்கை அணைத்து வைப்பது பாடுகிறவருக்குச் செய்யும் உதவி.

எல்லாம் இணைத்ததும் முதல் நாள் ஒரு வேலை செய்யுங்கள். இசையை நிறுத்துங்கள். ரிவெர்ப்பை நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் வையுங்கள், ஏனென்றால் ரிவெர்ப் கூடினால் ஊளையும் முந்தி வரும். மைக்கைப் பாடுகிற இடத்தில் பிடித்துக்கொண்டு குரல் பெட்டியின் சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். மெல்லிய ரீங்காரம் தொடங்கும் புள்ளியில் நிறுத்தி, அங்கிருந்து சற்றுக் கீழே இறக்குங்கள். அந்த இடத்தில் திருகின் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அதற்கு மேல் யாரும் திருப்ப வேண்டாம். குரல் போதவில்லை என்று யாராவது சொன்னால் டிவியின் சத்தத்தைக் குறையுங்கள்.